குரலால் செய்யும் உதவியும் வாய்மையும்

துன்புறுவோர்க்கு உதவுதல் அறம் என்பதில் கருத்து வேறுபாடு இருக்க இயலாது. ஆனால் உதவி என்று சொன்னவுடன் நம் மனக்கண்முன் தோன்றும் காட்சி யாது? பசித்தவனுக்கு உணவு இடும் கை. நோயாளியின் அருகில் விழித்திருக்கும் செவிலி. வெள்ளத்தில் குதித்து ஒருவனைக் கரை சேர்க்கும் இளைஞன். இக்காட்சிகள் அனைத்திலும் உதவுபவர் துன்புறுவோரின் பக்கத்தில் இருக்கிறார். அவரைக் காண்கிறார், தொடுகிறார், தாம் செய்ததன் விளைவையும் அறிந்துகொள்கிறார். இவை எவையும் இல்லாமல், வெறும் சொல்லை மட்டுமே கருவியாகக் கொண்டு ஒருவர் உதவி செய்ய வேண்டியிருந்தால், அச்சொல்லில் உண்மை எவ்வளவு இருத்தல் வேண்டும்? ஆறுதலுக்காக அதனைச் சிறிது வளைத்துக்கொள்ளலாமா? இவ்வினாவை வாசக அன்பர்களுடன் சேர்ந்து ஆராய விழைகிறேன்.

இதற்கு நான் எடுத்துக்கொள்வது அமெரிக்க நாட்டின் நாட்டுப்புறங்களில் அவசர அழைப்புகளை ஏற்று ஆட்களையும் வண்டிகளையும் அனுப்பும் பணியாளர்களின் தொழில். அவர்களை அங்கே டிஸ்பேட்சர் என்று அழைப்பர். நம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அந்நாட்டில் வாழ்வதால் 911 என்னும் எண்ணை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். இங்கே ஆம்புலன்ஸுக்கு 108 என்பது போல, அங்கே காவல், தீயணைப்பு, மருத்துவம் ஆகிய மூன்றுக்கும் 911.

இத்தகைய எண் தோன்றிய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1935 நவம்பரில் லண்டன் மாநகரின் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றி எரிந்தது. அண்டை வீட்டார் ஒருவர் தொலைபேசியை எடுத்தார். இணைப்பகத்தில் அவருடைய அழைப்பு மற்றைய அழைப்புகளோடு வரிசையில் காத்து நின்றது. ஐந்து பெண்கள் அத்தீயில் மாண்டனர். அதன் பின்னரே, 1937 ஜூன் 30ஆம் நாள், 999 என்ற அவசர எண் அந்நகரில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் முதல் 911 அழைப்பு 1968 பிப்ரவரி 16ஆம் நாள் செய்யப்பட்டது. நியூயார்க்கிலோ சிகாகோவிலோ அன்று. அலபாமா மாநிலத்தில் ஹேலிவில் என்னும் சிற்றூரில். மாநிலச் சட்டமன்றத்தின் அவைத்தலைவர் ராங்கின் ஃபைட் அழைக்க, நாடாளுமன்ற உறுப்பினர் டாம் பெவில் அவ்வூர்க் காவல் நிலையத்தில் அதை எடுத்துப் பேசினார். அதே மாதத்தில் அலாஸ்காவின் நோம் என்னும் தொலைதூர ஊரும் இவ்வசதியைப் பெற்றது.

அந்நாட்டில் மாநிலத்துக்கு அடுத்த நிருவாகப் பிரிவைக் கவுன்ட்டி என்பர். நம் மாவட்டத்துக்கு ஒப்பானது என்று கொள்ளலாம். எனினும் மக்கள்தொகையை நோக்கினால் அவ்வொப்புமை நில்லாது. ஆரிகன் மாநிலத்தின் ஹார்னி கவுன்ட்டியின் பரப்பு 10,000 சதுர மைலுக்கும் அதிகம். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 7,500 பேர். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் பர்ன்ஸ், ஹைன்ஸ் என்னும் அடுத்தடுத்த இரு சிற்றூர்களில் வாழ்கின்றனர். எஞ்சியோர் மேட்டுப் பாலை நிலத்தில் கால்நடைப் பண்ணைகளில் சிதறிக் கிடக்கின்றனர். தெற்குக் கோடியில் உள்ள ஃபீல்ட்ஸ் என்னும் குடியிருப்பு பர்ன்ஸிலிருந்து 100 மைலுக்கு அப்பால் இருக்கிறது. பர்ன்ஸில் ஒரு சிறு மருத்துவமனை உண்டு. அதனினும் பெரிய மருத்துவமனைக்கு மேற்கே 130 மைல் கடந்து பெண்ட் நகருக்குச் செல்ல வேண்டும்.

இத்தகைய இடங்களில் தீயணைப்போர் பெரும்பாலும் ஊதியம் பெறும் பணியாளர் அல்லர். அமெரிக்கா முழுமைக்குமே தீயணைப்போரில் ஏறத்தாழ மூன்றில் இருவர் தன்னார்வலர்கள். ரேடியோவில் இரு தொனிகள் ஒலித்ததும், உழுதுகொண்டிருப்பவர் டிராக்டரை நிறுத்திவிட்டும் உறங்குபவர் எழுந்தும் நிலையத்துக்கு ஓடிவர வேண்டும். வண்டி புறப்படுவதற்கே சில நிமிடங்கள் ஆகும். பெருநகரத்தில் அழைப்பை ஏற்பவர் ஒருவர், வண்டியை அனுப்புபவர் வேறொருவர். ஆகவே ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மற்றவர் அனுப்பிவிடுவார். நாட்டுப்புறக் கவுன்ட்டிகள் பலவற்றில் இரவு நேரத்தில் இருப்பவர் ஒருவரே. பன்னிரண்டு மணி நேர முறை. அவரே தொலைபேசியை எடுக்க வேண்டும். ஷெரீப்பின் காவலர்களுக்கு ரேடியோவில் மறுமொழி சொல்ல வேண்டும். தன்னார்வலரை எழுப்ப வேண்டும். வண்டி செல்லும் வழியைத் தொடர வேண்டும். அழுதுகொண்டிருக்கும் ஒரு தாயிடம் ‘சில நொடிகள் இணைப்பில் இருங்கள்’ என்று சொல்லிவிட்டு ரேடியோவின் பக்கம் திரும்புவது எவ்வளவு கடினம் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அவர் கேட்கும் முதல் கேள்வி ‘என்ன நேர்ந்தது?’ என்பதன்று, ‘எங்கே?’ என்பதே. இணைப்பு அறுந்துபோனாலும் இடம் தெரிந்திருந்தால் எவரையேனும் அனுப்பலாம். கம்பிவழித் தொலைபேசியில் முகவரி திரையில் தோன்றிவிடும். கைப்பேசியில் கிடைப்பது தோராயமான இடமே. கோபுரங்கள் அரிதான மலைப்பகுதியில் அத்தோராயமும் வெகுவாக விரியும். அந்நாட்டின் சிற்றூர்களில் அண்மைக் காலம் வரை தெருப்பெயரும் வீட்டெண்ணும் இல்லாத வீடுகள் ஏராளமாக இருந்தன என்பது நம்மில் பலருக்கு வியப்பாக இருக்கும். மேற்கு வர்ஜீனியா போன்ற மாநிலங்களில் 911 எண்ணின் பொருட்டே மண்பாதைகளுக்கெல்லாம் பெயர் சூட்டும் வேலை பல்லாண்டுகள் நடந்தது.

அழைப்பவருக்கோ இக்கேள்விகள் பொறுக்க முடியாதவை. ‘கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள், வண்டியை அனுப்புங்கள்’ என்று கூச்சலிடுவோர் மிகுதி. உண்மையில், இடமும் இன்னலின் தன்மையும் தெரிந்த உடனேயே வண்டி புறப்பட ஏற்பாடாகிவிடுகிறது. அதன் பின்னர் கேட்கப்படும் கேள்விகள் அதன் வேகத்தைக் குறைப்பதில்லை. வருவோர் எதற்கு ஆயத்தமாக வர வேண்டும், அழைத்தவர் அதுவரை என்ன செய்ய வேண்டும் என்பதற்காகவே அவை. அவற்றுள் ஒன்று மிக நுட்பமானது. மயங்கி விழுந்தவரைப் பற்றி ‘மூச்சு இருக்கிறதா?’ என்று கேட்டால், ‘இருக்கிறது’ என்றே பலரும் சொல்வர். இதயம் நின்ற பின்னும் சில நிமிடங்கள் வரை குறட்டை போன்ற ஓர் ஓசையுடன் இடைவிட்டு இடைவிட்டு வாய் திறந்து காற்றை இழுக்கும் நிலை உண்டு. அது மூச்சன்று, அறியாதவர் கண்ணுக்கு மூச்சாகத் தோன்றும். ஆகவே ‘மூச்சு வழக்கம்போல் இருக்கிறதா?’ என்று கேட்கப் பயிற்றுவிக்கின்றனர். அந்த ஒரு சொல்லைச் சேர்ப்பதில் ஓர் உயிர் அடங்கியிருக்கிறது. நினைவு இல்லை, மூச்சு வழக்கம்போல் இல்லை என்று இரண்டும் தெரிந்தால் உடனே மார்பை அழுத்தத் தொடங்கச் சொல்ல வேண்டும். இதயம் நின்றவருக்கு, இவ்வழுத்தம் தரப்படாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு வரை குறைத்துவிடுகிறது.

தொலைபேசி வழியே இவ்வாறு செய்முறை சொல்லிக்கொடுக்கும் வழக்கம் 1970களில்தான் அங்குத் தொடங்கியது. அதற்கு முன் அழைப்பைப் பெற்றுக்கொண்டு வண்டியை அனுப்புவதோடு கடமை முடிந்தது. அப்பத்தாண்டின் இறுதியில் சால்ட் லேக் நகரில் ஜெஃப் கிளாசன் என்னும் மருத்துவர், எந்த நிலையில் எதைக் கேட்பது, எதைச் சொல்வது என்று அட்டைகளில் வகுத்துத் தந்தார். அவர் முறையில் ஓர் உத்தி எனக்கு மிகவும் பிடித்தது. அச்சத்தால் அறிவிழந்து அலறுபவரிடம் புதுப்புதுச் சொற்களில் பேசக் கூடாது. ஒரே வாக்கியத்தை, அதே சொற்களில், அதே அமைதியான குரலில், காரணத்தையும் சேர்த்து மீண்டும் மீண்டும் சொல்ல வேண்டும். ‘நாம் அவருக்கு உதவ வேண்டுமானால், நீங்கள் அவர் அருகில் செல்ல வேண்டும்.’ சொற்கள் மாறினால் குரலின் உறுதியும் மாறியதாகவே கலங்கிய மனத்துக்குத் தோன்றுமாம். முதல் வகுப்பில் தாயைப் பிரிந்து அழும் குழந்தையிடம் பேசிப் பழகிய ஆசிரியர் எவரும் இதனைப் புத்தகம் இல்லாமலே அறிவர். பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு இதனை எவரும் சொல்லித் தரவில்லை. குழந்தைகளே சொல்லித் தந்தனர்.

இனி முக்கியமான வினாவுக்கு வருவோம். பர்ன்ஸிலிருந்து 30 மைல் தெற்கே ஒரு பண்ணை வீடு என்று வைத்துக்கொள்வோம். எழுபது வயதுக் கணவர் சமையலறைத் தரையில் விழுந்து கிடக்கிறார். மனைவி மட்டுமே உடன் இருக்கிறார். வண்டி புறப்பட்டு வந்து சேர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பணியாளர் சொல்லச் சொல்ல அம்மூதாட்டி மார்பை அழுத்துகிறார்; நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, இரண்டு அங்குல ஆழம். களைத்துப்போகிறார். நடுவே இரண்டு கேள்விகள் கேட்கிறார். ‘இவர் பிழைப்பாரா?’ ‘அவர்கள் எப்போது வருவார்கள்?’

முதற் கேள்விக்கு ‘பிழைத்துவிடுவார், கவலைப்படாதீர்கள்’ என்று சொல்வதே நம் நாவில் இயல்பாக வரும் விடை. நோயாளியைக் காணச் செல்லும்போது நாம் எல்லோரும் இதைத்தான் சொல்கிறோம். அதனைப் பொய் என்று எவரும் எண்ணுவதில்லை. ஆனால் அப்பணியாளர்களுக்குத் தரப்படும் பயிற்சி இதனை வெளிப்படையாகத் தடுக்கிறது. அறியாத ஒன்றை அறிந்ததுபோல் வாக்களிக்காதே என்கிறது. கண்டிப்பான விதியாகத் தோன்றினும், இதன் காரணம் அன்புக்கு மாறானது அன்று. அம்மூதாட்டி தம் கண்ணால் கணவரின் முகத்தைக் காண்கிறார். உதடு நீலம் பாரித்ததைக் காண்கிறார். குரலோ ‘நலமாகிவிடும்’ என்கிறது. கண் சொல்வதும் குரல் சொல்வதும் மாறுபட்டால் அவர் எதை நம்புவார்? குரலின்மேல் நம்பிக்கை குன்றியபின், ‘இன்னும் ஆழமாக அழுத்துங்கள்’ என்று அக்குரல் சொல்வதையும் அவர் கேட்க மாட்டார். ஆறுதலுக்காகச் சொன்ன ஒரு பொய், உதவிக்காகச் சொல்லப்படும் நூறு மெய்களின் வலிமையைக் கெடுத்துவிடுகிறது. ஆகவே அவர் சொல்லக்கூடியது, ‘நீங்கள் சரியாகச் செய்கிறீர்கள், நான் உங்களுடன் இருக்கிறேன், எண்ணுங்கள்’ என்பதே. மூன்றும் உண்மை. மூன்றும் ஆறுதல்.

பேச்சில் விழிப்புடன் இருத்தலைப் பாஷா சமிதி என்று தனி ஒழுக்கமாக வகுத்துக்கொண்ட மரபு நம்முடையது. சொல் இதமாகவும் மிதமாகவும் இருக்க வேண்டும் என்று நம் பெரியோர் சொல்வதில், இதம் என்பதற்கு இனிமை என்று பொருள்கொள்வோர் பலர். நன்மை பயப்பது என்பதே அதன் முதற்பொருள். இனிப்பது வேறு, நன்மை பயப்பது வேறு என்னும் பிரிவு இந்தத் தொழிலில் தெளிவாகத் தெரிவதுபோல் வேறெங்கும் நான் கண்டதில்லை.

இரண்டாவது கேள்வியே கடினமானது. ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்பது வழக்கமான விடை. அது பொய்யன்று. ஆயினும் ஐந்து நிமிடத்தில் வருவர் என்று கேட்பவர் எண்ணிக்கொள்ள அது இடமளிக்கிறது. சொல்லில் பொய் இல்லாமலே மனத்தில் ஒரு பொய்யை விதைக்கலாம் என்பது நாம் அறிந்ததே. கடன் கேட்டவரிடம் ‘கையில் இல்லை’ என்று சொல்லிப் பெட்டியில் இருப்பதை மறைப்பது இவ்வகை. எனவே முப்பத்தைந்து நிமிடம் ஆகும் என்று அப்படியே சொல்லிவிடலாமா? சொன்னால் அவர் மனம் ஒடிந்து கைகளை எடுத்துவிடக்கூடும். அவர் கை எடுத்த அந்நொடியில் இருந்த சிறு வாய்ப்பும் போய்விடும். இவ்விடத்தில் மறைப்பதே கருணை என்று வாதிடுவோர் உளர். அவர் வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது.

எனினும் என் கருத்து வேறு. காலத்தை மறைக்கும்போது அவருடைய துயரத்தை மட்டும் நாம் மறைப்பதில்லை. அவர் எடுக்கக்கூடிய முடிவுகளையும் மறைக்கிறோம். நெடுநேரம் ஆகும் என்று அறிந்தால் இரண்டு மைல் தொலைவில் உள்ள அண்டைப் பண்ணையாரைக் கூப்பிடச் சொல்வார். அவர் வந்து மாறி மாறி அழுத்தலாம். இதயம் நிற்காத வேறு நோய்களில், நோயாளியைத் தம் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பாதி வழியில் ஆம்புலன்ஸைச் சந்திப்பதே சில வேளைகளில் சிறந்த வழியாகும். சில வேளைகளில் அதுவே பெருந்தீங்கும் ஆகும். எது என்று பணியாளருடன் சேர்ந்து எண்ணிப் பார்க்கும் உரிமை அவருக்கு உண்டு. தம் வீட்டில் நடப்பதைப் பற்றிய உண்மை அவருடைய உடைமை.

சொல்லும் முறையில்தான் கருணைக்கு இடம் இருக்கிறது. கேட்காதபோது வலிந்து சொல்ல வேண்டுவதில்லை; வாய் திறவாமை வேறு, மறைத்தல் வேறு. கேட்டால் சொல்ல வேண்டும். அடுத்து அவர் செய்ய வேண்டியதை அதே மூச்சில் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாட்டுப்புறத்தில் இதற்கு இன்னொரு நல்வழியும் உண்டு. ‘பர்ன்ஸிலிருந்து புறப்பட்டுவிட்டார்கள், 205ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே வருகிறார்கள், அதற்குள் உங்கள் பக்கத்துத் தன்னார்வலர் ஒருவரையும் எழுப்பியிருக்கிறேன்’ என்று சொன்னால் போதும். அச்சாலையில் ஐம்பது ஆண்டு பயணம் செய்தவருக்கு நிமிடக் கணக்கு வேண்டியதில்லை. அத்தொலைவு அவருக்குத் தெரியும். பனி உறைந்த இரவாயின் எவ்வளவு ஆகும் என்பதும் தெரியும். கணித்துச் சொல்லும் நிமிடங்கள் பொய்த்துப்போகலாம். புறப்பட்ட இடமும் வரும் வழியும் பொய்ப்பதில்லை.

நாட்டுப்புறத்துக்கே உரிய மற்றொரு சோதனையும் உண்டு. மாநகரில் அழைப்பவர் முன்பின் அறியாதவர். ஏழாயிரம் பேர் வாழும் கவுன்ட்டியில் குரலைக் கேட்டதும் ஆள் தெரிந்துவிடும். பள்ளித் தோழி, மளிகைக் கடைக்காரர், சில வேளை உடன்பிறந்தாரே கூட. ஆம்புலன்ஸ் ஒன்றே ஒன்று இருக்கும் நள்ளிரவில் இரண்டு அழைப்புகள் அடுத்தடுத்து வந்தால், யார் காத்திருப்பது என்பதை அவர் முடிவு செய்ய வேண்டும். ஒன்றில் அறிந்த குரல் கதறுகிறது. மற்றொன்றில் அறியாத ஒருவர் மெல்லிய குரலில், மார்பு கனக்கிறது, வியர்க்கிறது என்கிறார். எல்லோரிடமும் ஒரே வரிசையில் ஒரே கேள்விகளைக் கேட்கும் அந்த அட்டைகள் அறிவை மழுங்கச் செய்பவை, இயந்திரத்தனமானவை என்று குறை கூறுவோர் உண்டு. நானும் பாடத்திட்டங்களைப் பற்றி அவ்வாறு குறை கூறியவள்தான். ஆனால் இவ்விடத்தில் அந்த அட்டை விருப்பு வெறுப்புக்கு இட்ட வேலி. கதறுபவர் முந்திக்கொள்வதையும் தெரிந்தவர் முந்திக்கொள்வதையும் அது தடுக்கிறது. அடுத்த கவுன்ட்டியின் வண்டியை வேண்டிப் பெறலாம், ஹெலிகாப்டரை வரவழைக்கலாம். அவையும் நேரம் எடுப்பவை. காத்திருக்க வைக்கப்பட்டவரை மறுநாள் அவர் கடைத்தெருவில் சந்திக்கவும் நேரும். யார் வீட்டில் எவர் எவரை அடித்தார், யார் மாத்திரைகளை விழுங்கினார் என்பதெல்லாம் அவர் நெஞ்சில் இருக்கும். ஒரு சொல்லும் வெளியே வரலாகாது.

இத்துணைப் பொறுப்புள்ள பணியை அந்நாட்டரசு எவ்வாறு மதிக்கிறது? 2018ஆம் ஆண்டுத் தொழில் வகைப்பாட்டில் இவர்கள் எழுத்தர், அலுவலக உதவியாளர் ஆகியோர் அடங்கிய பிரிவில் வைக்கப்பட்டனர். காவலர், தீயணைப்போர் இருக்கும் பாதுகாப்புப் பணிப் பிரிவில் சேர்க்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் 2019 முதல் மசோதாக்கள் கொண்டுவரப்பட்டன. நேரில் காணாதவருக்கு என்ன துன்பம் என்ற எண்ணமே இவ்வகைப்பாட்டின் அடியில் இருக்கிறது போலும். 2012இல் வடக்கு இல்லினாய்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் வெளியிட்ட ஆய்வு, நிகழ்விடத்திலிருந்து விலகி இருப்பது இப்பணியாளர்களை மனக்காயத்திலிருந்து காப்பதில்லை என்று காட்டியது. கண் கண்டதை மறக்கலாம். காணாததைக் கற்பனை ஒவ்வோர் இரவும் புதிதாக வரையும்.

வண்டி வந்து சேர்ந்ததும் இணைப்பு துண்டிக்கப்படுகிறது. உள்ளே வந்தவர் நோயாளியை நோக்கி விரைவர். தொலைபேசி எங்கோ தரையில் கிடக்கும். அதன்பின் நிகழ்ந்தது பணியாளருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்ற விதி பல இடங்களில் இல்லை. ஊர்ப் பத்திரிகையின் இரங்கற் செய்தியைப் பார்த்து அவர் அறிந்துகொள்வதும் உண்டு. பற்றில்லாமல் பணி செய்வது உயர்ந்தது என்று சொல்லி இதனை நியாயப்படுத்துவது எனக்கு உடன்பாடில்லை. பற்றறுத்தல் ஒருவர் தாமே மேற்கொள்ள வேண்டியது. பிறர் அவர்மேல் சுமத்தக்கூடியதன்று. அவரிடம் நாம் உண்மையை எதிர்பார்க்கிறோம். அவருக்கு உரிய உண்மையையும் அவரிடம் சேர்ப்பிக்க வேண்டும் அல்லவா?

அந்நாட்டு மையங்கள் சிலவற்றில் ஓர் அழகிய வழக்கம் உண்டு. தொலைபேசி வழியே மகப்பேற்றுக்குத் துணை நின்ற பணியாளருக்கு நாரை உருவம் பொறித்த சிறு சின்னம் ஒன்றை ஆடையில் அணியத் தருகின்றனர். குழந்தையை நாரை கொண்டுவருகிறது என்பது அவர்கள் மரபுக் கதை. இதயம் நின்றவர் பிழைத்துக்கொண்டால் அதற்கும் சின்னம் தரும் மையங்கள் இருக்கின்றன. ஒரு மூதாட்டியுடன் அரை மணி நேரம் எண்ணிக்கை சொல்லி, பொய் ஒன்றும் சொல்லாமல் அவரைத் தனியே விடாமல் இருந்து, முடிவில் அவர் கணவர் இறந்துபோன இரவுக்கு எந்தச் சின்னமும் இல்லை.